பாணும் படகும்

சிட்னி மாமி: நான் அனுப்பிய படத்தில் இருப்பது இன்றைய மதியச் சாப்பாடு. நீண்ட பாணைப் பிளந்து, பன்றி இறைச்சி, வினாகிரியில் ஊறிய கரட், முள்ளங்கி, கொத்தமல்லி, பச்சை மிளகாய் எல்லாம் வைத்துத் தருகிறார்கள். பெயர் பான் மீ.

பெரியப்பா: பார்த்தால் பிரெஞ்சுக்காரரின் பாண் போல் அல்லவா இருக்கிறது?

சிட்னி மாமி: ஆம் அண்ணா. வியட்நாமை ஆண்டபோது அவர்கள் பழக்கிய பாண், 1975 இல் தென் வியட்நாமின் தலைநகர் சைகோன் வீழ்ந்த பிறகு அகதிகளோடு இங்கே அவுஸ்திரேலியாவுக்கு வந்து சேர்ந்தது. இன்று தொலைதூரச் சிறு நகரங்களின் வெதுப்பகங்களிலும், இந்நாட்டவருக்கு உயிரான ‘மீட் பை’ என்ற இறைச்சி அடைத்த பணியாரத்தின் பக்கத்தில் இதுவும் இருக்கிறது. பல இடங்களில் இரண்டையும் சுடுபவர் வியட்நாமியரே.

பெரியப்பா: ‘பாண்’ என்ற சொல்லே போர்த்துக்கேயர் நமக்கு விட்டுச்சென்றதுதான். ஆனாலும் சாப்பாடு மாறியதை வைத்துப் பண்பாடே மாறியது என்று சொல்லலாமா?

நான்: வெள்ளையருக்கு மட்டுமே இடம் என்ற கொள்கை அங்கே இருந்ததல்லவா, மாமி?

சிட்னி மாமி: அதன் மிச்சத்தையும் பிரதமர் விட்லமின் அரசு 1973 இல் நீக்கியது. ஆனால் அந்த மாற்றம் எவ்வளவு உண்மையானது என்பது, 1976 ஏப்ரலில் ஐந்து வியட்நாமிய இளைஞர்களுடன் ஒரு மரப்படகு வடகரை நகரான டார்வினுக்கு வந்தபோதுதான் தெரியத் தொடங்கியது. வியட்நாம் போருக்கு ஏறத்தாழ 60,000 படையினரை அனுப்பிய நாடு இது; முகத்தைத் திருப்பிக்கொள்வது எளிதாக இருக்கவில்லை. மலேசியா, தாய்லாந்து முகாம்களில் காத்திருந்தவர்களை விட்லமுக்குப் பின் பிரதமரான ஃபிரேசரின் அரசு ஆயிரக்கணக்கில் விமானத்தில் அழைத்துவந்தது. அடுத்த சில ஆண்டுகளில் நேரே படகில் வந்தவர்கள் ஏறத்தாழ 2,000 பேர்தான். ஊர் பேசியதோ படகுகளைப் பற்றியே. அப்படி 1977 இல் படகில் வந்த ஹியூ வான் லே, 2014 இல் தெற்கு அவுஸ்திரேலியாவின் ஆளுநரானார். இதையும் சாப்பாட்டுக் கணக்கில் சேர்ப்பீர்களா, அண்ணா?

பெரியப்பா: சேர்க்க மாட்டேன், ஒப்புக்கொள்கிறேன். எல்லாம் இவ்வளவு இனிமையாகவா நடந்தது?

சிட்னி மாமி: இல்லை. வியட்நாமியர் கூடி வாழ்ந்த, சிட்னியின் புறநகரான கப்ரமாட்டா, 1990களில் ஹெரோயின் சந்தை என்றே பெயரெடுத்தது. இன்று அதே இடத்துக்குச் சனிக்கிழமைகளில் ரயிலேறிச் சாப்பிடப் போகிறார்கள். 1989 இல் நான் இங்கு வந்த புதிதில், முருங்கைக்காய் தேடி அங்குதான் போவேன். கடைக்கார அம்மா ஒருநாள், “நீயும் படகிலா வந்தாய்?” என்று கேட்டார்.

நான்: நீங்கள் என்ன சொன்னீர்கள்?

சிட்னி மாமி: விமானம் என்றேன். அவர் நம்பியதாகத் தெரியவில்லை. ஒரு கட்டுக் கொத்தமல்லியைப் பையில் போட்டுவிட்டுக் காசு வாங்க மறுத்துவிட்டார்.