பிரைவேட் லிமிடெட் என்றால் வீடு தப்புமா?

அம்பத்தூர் பட்டறை:
தொழிற்பேட்டையில் உதிரிபாகம் செய்துவந்த நண்பரின் பிரைவேட் லிமிடெட் கம்பெனி நொடித்துவிட்டது. கொரட்டூரில் அவர் குடியிருக்கும் வீட்டுக் கதவில் வங்கி நோட்டீஸ் ஒட்டியிருக்கிறது. 60 நாள் கெடு. கடன் வாங்கியது கம்பெனி, வீடு அவருடையது. கம்பெனி வேறு, முதலாளி வேறு என்று 1897-இல் இங்கிலாந்தில் காலணி முதலாளி சாலமன் வழக்கிலேயே தீர்ப்பாகிவிட்டதே. இது அநியாயம் இல்லையா?

மயிலை ஆடிட்டர்:
சாலமன் யாருக்கும் ஜாமீன் நிற்கவில்லை ஐயா. உங்கள் நண்பர் நின்றிருக்கிறார். 60 நாள் நோட்டீஸ் அடமானச் சொத்துக்குத்தான் வரும்; ஆக, வீட்டின் மூலப்பத்திரத்தையும் வங்கியிடம் அடமானமாக ஒப்படைத்திருக்கிறார். கடன் ஆவணக் கட்டில் தனிநபர் உத்தரவாதப் பத்திரம் தனியாக இருக்கும். மேலாளர் பென்சிலால் குறித்துக் கொடுக்கும் இடத்திலெல்லாம் கணவன், மனைவி இருவரும் கையெழுத்துப் போட்டுவிட்டு வருவார்கள். படித்துப் பார்த்தவரை நான் அதிகம் கண்டதில்லை. 1872-ஆம் ஆண்டு ஒப்பந்தச் சட்டத்தின் 128-ஆவது பிரிவுப்படி, பத்திரத்தில் வேறு விதமாக எழுதியிருந்தால் ஒழிய, கடனாளியின் பொறுப்பு எவ்வளவோ ஜாமீன்தாரருக்கும் அவ்வளவு. ‘முதலில் கம்பெனியிடம் கேள்’ என்று சொல்லித் தப்ப முடியாது. திவால் நடவடிக்கையில் கம்பெனி வேறு கைக்கு மாறினாலும் ஜாமீன் தானாக நீங்கிவிடாது என்று 2021 மே மாதம் லலித் குமார் ஜெயின் வழக்கில் உச்ச நீதிமன்றமும் சொல்லிவிட்டது.

கிண்டி முலாம் பட்டறை:
அநியாயம் என்ற பேச்சே எனக்குக் கசக்கிறது. இப்படி ஒரு கம்பெனிக்குக் கடனுக்கு வேலை செய்து கொடுத்துவிட்டு நிற்பவன் நான். 45 நாளில் பணம் தரவேண்டும், தவறினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல் மூன்று மடங்கு கூட்டு வட்டி என்று 2006-ஆம் ஆண்டு சிறுதொழில் சட்டம் சொல்கிறது. உத்தரவும் வாங்கினேன், கம்பெனியின் பெயரில். கம்பெனியிடம் மிஞ்சியிருப்பது இரண்டு மேசை. முதலாளி இன்றும் காரில்தான் போகிறார்.

அம்பத்தூர் பட்டறை:
உங்கள் ஆத்திரம் புரிகிறது. ஆனால் குடும்பமே தெருவுக்கு வரும் என்றால் யார் தொழில் தொடங்குவார்? ஆர்டர் நின்று விழுந்தவனையும் ஏமாற்றி ஓடியவனையும் ஒரே தட்டில் வைக்கிறீர்கள்.

மயிலை ஆடிட்டர்:
சட்டம் அப்படி வைக்கவில்லை. கடன்காரர்களை ஏமாற்றவே தொழில் நடத்தினார் என்று கம்பெனியைக் கலைக்கும்போது நிரூபித்தால், 2013 கம்பெனிகள் சட்டத்தின் 339-ஆவது பிரிவு முதலாளியின் சொந்தச் சொத்தைத் தொடும். நிரூபிப்பது லேசல்ல. வரி பாக்கியில் கதை தலைகீழ்: கம்பெனியிடம் வசூலாகாத வருமான வரியையும் ஜிஎஸ்டியையும் பிரைவேட் கம்பெனி இயக்குநரிடம் கேட்கலாம், தன் பெரும் அலட்சியம் காரணமல்ல என்று காட்டும் சுமை அவர் தலையில். கிண்டி நண்பரே, உங்களுக்குக் கொடுத்த காசோலை ஏதாவது திரும்பியதா? பொறுப்பில் இருந்த இயக்குநர் மீதும் வழக்குப் போடலாம், இரண்டு ஆண்டு வரை சிறை உண்டு.

கிண்டி முலாம் பட்டறை:
காசோலையே தரவில்லை, வாய்வார்த்தைதான். ஆக, வக்கீல் படை வைத்திருக்கும் வங்கிக்கு வீடு, எனக்கு மேசை. ‘கம்பெனி வேறு, முதலாளி வேறு’ என்ற இந்தக் கவசம் சின்னவனிடமிருந்து மட்டும்தான் காப்பாற்றுகிறது.

அம்பத்தூர் பட்டறை:
நீங்களும் ஜாமீன் கேட்டிருக்கலாமே?

கிண்டி முலாம் பட்டறை:
கேட்டால் அடுத்த தெருப் பட்டறைக்கு ஆர்டர் போய்விடும். தொழிற்பேட்டையில் இருந்துகொண்டு இதை நீங்கள் கேட்கலாமா அண்ணா?

மயிலை ஆடிட்டர்:
அம்பத்தூர் நண்பரே, நோட்டீஸ் தேதியை முதலில் பாருங்கள். கெடுவுக்குள் எழுத்தில் ஆட்சேபம் கொடுத்தால் வங்கி 15 நாளில் பதில் தந்தாக வேண்டும். வீட்டைக் கையகப்படுத்தினால் கடன் மீட்புத் தீர்ப்பாயத்துக்குப் போக 45 நாள்தான்.