ஜூன் பள்ளி விடுமுறைக்குத் தூண்டிலோடு எந்தத் தீவு? தியோமானா, பங்கோரா?

செந்தூல்வாசி:

வணக்கம். ஜூன் பள்ளி விடுமுறையில் நான்கு நாள், மூன்று இரவு குடும்பத்தோடு ஒரு தீவுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். நான், மனைவி, 12 வயதிலும் 9 வயதிலும் இரண்டு பையன்கள், அப்புறம் பினாங்கு பக்கம் பிறையில் இருக்கும் அப்பா. அப்பாவுக்கு 71 வயது. துறைமுகத்தில் வேலை பார்த்தவர். ஓய்வு நாள் என்றால் தூண்டிலோடு பக்கத்துத் தீவான பூலாவ் அமான் பக்கம் போய்விடுவார். அம்மா போன பிறகு தூண்டிலைத் தொடவே இல்லை. போன மாதம் பெரியவன் அலமாரியின் மேலிருந்த பழைய ரீலை எடுத்து, "இது எப்படிச் சுற்றுவது தாத்தா?" என்று கேட்டான். அன்று சாயங்காலம் முழுவதும் இரண்டு பேரும் அதைக் கழற்றி எண்ணெய் போட்டுக்கொண்டு இருந்தார்கள். அதைப் பார்த்த பிறகுதான் இந்த யோசனை வந்தது.

என் கணக்கு இதுதான்: கோலாலம்பூரிலிருந்து காரில் மெர்சிங், அங்கிருந்து ஃபெர்ரியில் தியோமான். பையன்கள் ஜெட்டியிலேயே தூண்டில் போடட்டும். ஒரு நாள் படகு எடுத்து அப்பாவை ஆழ்கடலுக்குக் கூட்டிப் போகிறேன். அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள், இது சரி வருமா?

கடல்விரால்:

சகோ, முதலில் ஜெட்டி யோசனையைக் கைவிடுங்கள். தியோமான் கடல் பூங்கா. கரையிலிருந்து 2 கடல் மைல், அதாவது ஏறக்குறைய 3.7 கிலோமீட்டர் வரைக்கும் மீன் பிடிக்கக் கூடாது. 1985 மீன்வளச் சட்டம் இது. பிடிபட்டால் அபராதமும் உண்டு, சிறைக்கும் இடம் உண்டு. சின்னப் பையன் ஜெட்டியில் விளையாட்டாகப் போட்டாலும் தப்புதான். ரெடாங், பெர்ஹெந்தியானிலும் இதே கதை. அழகான தீவு என்றால் மீனும் பிடிக்கலாம் என்று நினைத்துக்கொண்டு பல பேர் பெட்டி நிறையத் தூண்டிலோடு போய் இறங்கிவிடுகிறார்கள்.

தீவையும் தூண்டிலையும் தனித்தனியாக வையுங்கள். முதல் இரண்டு இரவு கோலா ரொம்பினில் தங்குங்கள். அங்கே கடலில் மயில் மீன் இருக்கிறது, மலாய்க்காரர்கள் லயாரான் என்பார்கள். நெத்திலிக் கூட்டத்தைத் துரத்திக்கொண்டு கரைக்குப் பக்கத்திலேயே வரும். மார்ச்சிலிருந்து அக்டோபர் வரை சீசன். ஆகஸ்ட், செப்டம்பர்தான் உச்சம், ஆனால் ஜூனிலும் கிடைக்கும். காலையில் அப்போலோ, அதாவது பல சின்னக் கொக்கிகள் கட்டிய கயிறு, போட்டு இரைக்கு உயிர் மீன் பிடித்துக்கொள்வார்கள். அதைப் பலூனில் கட்டி மிதக்க விட்டுக் காத்திருக்க வேண்டும். கடித்ததும் 20, 30 கிலோ மீன் தண்ணீருக்கு மேலே முழு உடம்பையும் தூக்கி வாலில் நிற்கும். அந்த நீல முதுகுத் துடுப்பு விரியும் பாருங்கள், அதை ஒரு தடவையாவது உங்கள் அப்பா பார்க்க வேண்டும்.

மூன்றாம் நாள் தஞ்சோங் கெமோக்கில் ஃபெர்ரி எடுங்கள். ரொம்பினிலிருந்து அரை மணி நேர ஓட்டம்தான். தியோமானில் ஒரு இரவு, பையன்கள் நீந்தட்டும்.

பிறை_அக்கா:

தம்பி, நான் வேறு மாதிரி சொல்கிறேன், பொறுத்துக் கேளுங்கள். 71 வயதுக்காரர், 9 வயதுப் பிள்ளை, இவர்களை வைத்துக்கொண்டு காலை எட்டு மணியிலிருந்து சாயங்காலம் வரை வெயிலில், கரையே தெரியாத கடலில் உட்காருவதா? அப்பா பிறையிலிருந்து செந்தூல் வர நான்கு மணி நேரம், அப்புறம் ரொம்பினுக்கு இன்னொரு நான்கு மணி நேரம். இறங்கும்போதே அசந்துபோவார்.

பங்கோருக்குப் போங்கள். ஃபெர்ரி ஏறும் லுமுட் உங்களுக்கும் அப்பாவுக்கும் நடுவில் இருக்கிறது. உங்களுக்கு மூன்று, மூன்றரை மணி நேரம், அவருக்கு இரண்டரை. ஃபெர்ரி அரை மணி நேரம்தான். கடற்கரைக்குத் தெலுக் நிப்பா, சாயங்காலம் இருவாய்ச்சிப் பறவைகள் பழத்துக்கு வந்து மேசையிலேயே உட்காரும், உங்கள் சின்னவன் தூண்டிலையே மறந்துவிடுவான். டச்சுக்காரர் கோட்டை 1670இல் கட்டியது, அரை மணி நேரத்தில் பார்த்துவிடலாம். கடலைப் பார்த்த பத்திரகாளியம்மன் கோவிலில் அப்பா கொஞ்ச நேரம் உட்காரலாம். மாசி மகத்துக்கு எங்கள் பக்கத்திலிருந்து எத்தனை குடும்பங்கள் அங்கே போகின்றன! 2020இலிருந்து வரி இல்லாத் தீவும் ஆகிவிட்டது.

முக்கியமான விஷயம், அங்கே பையன்கள் தூண்டில் போடலாம். உயிர் இறாலை வைத்தால் கத்தாளை, கெளுத்தி, திருக்கை. படகில் கொஞ்சம் வெளியே போனால் பாறை மீன்களான ஜெனாஹாக்கும் கெராப்பும். பிடித்ததை அன்றைக்கே குழம்பு வைத்துச் சாப்பிடலாம். மயில் மீனைப் பிடித்துப் படம் எடுத்து விட்டுவிடுவதில் ஒன்பது வயதுப் பிள்ளைக்கு என்ன கிடைக்கும்?

கடல்விரால்:

அக்கா, பங்கோரை நான் குறை சொல்லவில்லை. ஆனால் ஜூன் மாதம் என்பதை மறந்துவிட்டீர்கள். தென்மேற்குப் பருவக்காற்று நேரம். மேற்குக் கரையில் விடியற்காலையில் சுமத்ரா காற்று, அந்தத் திடீர்ச் சூறைக்காற்று, வந்தால் சின்னப் படகு என்ன பாடு படும் என்று பினாங்குக்காரர் உங்களுக்குத் தெரியாததா? அதே ஜூனில் கிழக்குக் கரை பெரும்பாலும் குளம் மாதிரி கிடக்கும். கிழக்கில் கடல் மூடுவது நவம்பரிலிருந்து பிப்ரவரி, மார்ச் வரைதான். அதனால் ஆண்டு இறுதி விடுமுறை என்றால் பங்கோருக்கே போகச் சொல்வேன். ஜூன் விடுமுறை கிழக்குக்கு உரியது.

வெயிலுக்குப் படகில் கூரை இருக்கிறது. பிடித்து விடுவதைப் பற்றிக் கேட்டீர்கள். என் மகள் பத்து வயதில் அந்த மீனின் அலகைப் பிடித்துத் தண்ணீரில் விட்டாள். இன்றைக்கும் அதைத்தான் பேசுகிறாள், சாப்பிட்ட மீனைப் பற்றிப் பேசியதே இல்லை.

பிறை_அக்கா:

சுமத்ரா காற்று உண்மைதான். ஆனால் அது விடிவதற்கு முன்னால் கிளம்பி, காலையிலேயே ஒன்றிரண்டு மணி நேரத்தில் ஓய்ந்துவிடும். மத்தியானத்துக்கு மேல் கடலில் இறங்கினால் போயிற்று. அதைவிட முக்கியம் நீரோட்டம். அமாவாசை, பௌர்ணமி ஒட்டிய நாட்களில் மலாக்கா நீரிணையில் தண்ணீர் இழுக்கிற இழுப்பில் ஈயக்குண்டு தரையில் நிற்காது, தண்ணீரும் கலங்கிவிடும். அஷ்டமிக்கு அடுத்த இரண்டு மூன்று நாட்கள்தான் "ஆயர் மாத்தி", ஓட்டம் குறைந்த தண்ணீர். காலண்டரைப் பார்த்து அந்த நாட்களில் போங்கள். இதை நான் சொல்ல வேண்டாம், உங்கள் அப்பாவுக்கே தெரியும்.

ஏன் இவ்வளவு சொல்கிறேன் என்றால், மூன்று வருடத்துக்கு முன் கிழக்குக் கரையில் நாங்கள் பட்டிருக்கிறோம். என் மகனுக்கு அப்போது எட்டு வயது. இரண்டு மணி நேரம் வெளியே போன பிறகு வாந்தி ஆரம்பித்தது. தண்ணீர்கூடத் தங்கவில்லை. திரும்புங்கள் என்று தெக்கோங்கிடம், அதாவது படகோட்டியிடம், கெஞ்சினேன். கூட வந்த மற்றவர்களும் காசு கொடுத்திருக்கிறார்கள், சாயங்காலம்தான் என்று சொல்லிவிட்டார். ஆறு மணி நேரம் பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு இருந்தேன். குளம் மாதிரி கிடந்த கடல்தான் அது. படகு நின்று மிதக்கும்போதுதான் ஆட்டமே.

கடல்விரால்:

கேட்கவே கஷ்டமாக இருக்கிறது அக்கா. அந்தத் தெக்கோங் செய்தது பெரிய தப்பு. அதனால்தான் மற்றவர்களோடு பங்கு போட்டுப் போகக் கூடாது, முழுப் படகும் உங்கள் பேரில் இருக்க வேண்டும் என்று எல்லோரிடமும் சொல்கிறேன். நாளுக்கு ஆயிரம் ரிங்கிட்டைத் தாண்டும்தான். ஆனால் திரும்பு என்றால் திரும்ப வேண்டும்.

கிள்ளான்_மணி:

இரண்டும் வேண்டாம், திரெங்கானுவுக்குப் போய்ச் சண்டாட் சோத்தோங் பண்ணுங்கள். ஏப்ரலிலிருந்து ஜூலை வரை கணவாய் சீசன். மாராங்கில் இரவுப் படகு ஏறினால் விளக்கைப் போட்டுக் கையாலேயே கயிற்றை ஆட்ட வேண்டியதுதான், பழக்கமே இல்லாதவனும் பிடிப்பான். பெரியவர்களுக்கும் பலம் தேவையில்லை. படகிலேயே அவித்துத் தருவார்கள். ஒரே நிபந்தனை, நிலா இல்லாத இரவாக இருக்க வேண்டும். நிலவு வெளிச்சத்தில் கணவாய் படகு விளக்குக்கு வந்து சேராது.

பிறை_அக்கா:

நல்ல யோசனைதான் மணி, ஆனால் கணவாய்க்கு அமாவாசை, நான் சொன்ன பங்கோருக்கு அஷ்டமி. பள்ளி விடுமுறை எந்தத் திதியில் விழுகிறதோ அதைப் பார்த்துத்தான் பேச முடியும். இரவெல்லாம் விழித்திருப்பது சின்னவனுக்கு ஆகாது.

பவளநேசன்:

மீன் எங்கே பிடிக்கலாம் என்பதைத் தொந்தரவு மாதிரியே எல்லோரும் பேசுகிறீர்கள். தியோமானைச் சுற்றிய அந்த 2 மைல் தடையால்தான் அதற்கு வெளியே மீன் இருக்கிறது. கெராப்பு மெதுவாக வளரும் மீன், பாறையை விட்டு அதிகம் நகராது. ஒரு பாறையில் பெரியதை எல்லாம் எடுத்துவிட்டால் அங்கே மறுபடி பெரியது வர வருடக்கணக்கு ஆகும். பையன்களுக்கு நீச்சல் முகமூடி மாட்டி, தியோமானில் தெக்கெக் கிராமத்துப் பக்கம் அரை மணி நேரம் தண்ணீருக்குள் காட்டுங்கள். தூண்டில் போடாத இடத்தில் மீன் மனிதனைப் பார்த்து ஓடுவதில்லை. இதைப் பார்த்த பிள்ளை நாளைக்கு நல்ல தூண்டில்காரன் ஆவான்.

கடல்விரால் அவர்களிடம் ஒன்று. மயில் மீனை விடுவது நல்லது, ஆனால் படத்துக்காக நான்கு பேர் படகுக்குள் தூக்கிப் பிடிக்கும் பழக்கம் இன்னும் இருக்கிறதே? அப்படித் தூக்கிவிட்டுப் போட்ட மீன் பிழைக்கும் என்று எப்படி நம்புவது?

கடல்விரால்:

நியாயமான கேள்வி. நானும் ஆரம்பத்தில் தூக்கிப் படம் எடுத்திருக்கிறேன், இப்போது எடுப்பதில்லை. சர்க்கிள் ஹூக் மட்டும்தான் போடுகிறோம். அது வயிற்றுக்குள் போகாமல் வாயோரத்தில் மாட்டும். மீனைத் தண்ணீரிலேயே வைத்து அலகைப் பிடித்துக்கொண்டு, படகை மெதுவாக முன்னே விட்டால் செவுளில் தண்ணீர் ஓடும். உடம்பில் நிறம் திரும்பி, அதுவே கையை உதறும்போது விட வேண்டும். செந்தூல்வாசி, ஏறுவதற்கு முன்பே தெக்கோங்கிடம் இதைப் பேசிக்கொள்ளுங்கள்.

செந்தூல்வாசி:

எல்லோருக்கும் நன்றி. நேற்று இரவு வரை பங்கோர் என்றுதான் முடிவு செய்து வைத்திருந்தேன். பிறை அக்கா சொன்னது மனைவிக்கும் பிடித்துவிட்டது. அப்பாவுக்குப் போன் போட்டு, பங்கோர், லுமுட்டில் சந்திக்கலாம், அஷ்டமித் தண்ணீர் என்று எல்லாம் சொன்னேன். கொஞ்ச நேரம் பேசவே இல்லை. அப்புறம் சொன்னார்: "அந்தத் தண்ணியிலதானேப்பா நாற்பது வருஷம் தூண்டில் போட்டேன். சேற்றுத் தண்ணி. கத்தாளை, கெளுத்தி எல்லாம் பார்த்தாச்சு. கிழக்குக் கடலை நான் பார்த்ததே இல்லை."

எனக்கு அது தெரியாது. நாற்பது வருடம் கடலோரத்தில் இருந்தவர் கிழக்குப் பக்கம் போனதே இல்லை என்று இத்தனை நாள் நான் கேட்டதும் இல்லை.

அதனால் ரொம்பின். ஒரு நாள் மட்டும் படகு, முழுப் படகும் எங்கள் பேரில். அப்பாவும் நானும் பெரியவனும் போகிறோம். சின்னவனும் மனைவியும் கரையில். அப்புறம் தஞ்சோங் கெமோக் வழியாக தியோமான், அங்கே தூண்டில் பைக்குள்ளேயே இருக்கும். அப்பாவை இரண்டு நாள் முன்பே வீட்டுக்கு அழைத்து வந்துவிடுகிறேன், ஒரே நாளில் அவ்வளவு தூரம் வேண்டாம்.

பிறை_அக்கா:

அப்பாவே கேட்டுவிட்டார் என்றால் நான் மறுத்துப் பேச மாட்டேன். ஆனால் என் கருத்து மாறவில்லை, அந்த வயதில் அது நீண்ட நாள்தான். அதனால் இதையாவது செய்யுங்கள். முந்தின வாரமே டாக்டரிடம் காட்டி, பிரஷர் மாத்திரை சாப்பிடுகிறார் என்றால் அதோடு வாந்தி மாத்திரை சேருமா என்று கேளுங்கள். வாந்தி மாத்திரையைப் படகு ஏறுவதற்கு முன்னால் கொடுக்க வேண்டும், தலை சுற்றிய பிறகு கொடுத்துப் பயனில்லை. முன்பக்கம் உட்காரவிடாதீர்கள், பின்பக்கம்தான் ஆட்டம் குறைவு. பெரியவனுக்கு அவன் அளவுக்கு லைஃப் ஜாக்கெட் இருக்கிறதா என்று முன்கூட்டியே கேளுங்கள். பெரியவர்கள் ஜாக்கெட்டைப் பிள்ளைக்கு மாட்டினால் தண்ணீரில் தலை வழியாகக் கழன்றுவிடும். யாராவது ஒருவருக்கு முடியவில்லை என்றால் உடனே திரும்ப வேண்டும், காசு முழுதும் தருகிறோம் என்று தெக்கோங்கிடம் கரையிலேயே சொல்லிவிடுங்கள்.

கடல்விரால்:

அக்கா சொன்ன அத்தனையும் சரி. நான் ஒன்று மட்டும் சேர்க்கிறேன். மீன் கடித்ததும் முதல் தூண்டிலை அப்பா கையில் கொடுங்கள், ஆனால் நின்று இழுக்க விடாதீர்கள். உட்கார்ந்தபடியே, தூண்டிலின் அடியை இடுப்பில் தாங்கும் பெல்ட் ஒன்று இருக்கும், அதைக் கேட்டு வாங்கிக் கட்டிவிடுங்கள். இருபது நிமிடம் ஆகலாம். களைத்தால் பேரனிடம் மாற்றிக் கொடுக்கட்டும்.

செந்தூல்வாசி:

குறித்துக்கொண்டேன். அப்பா இன்று காலையிலேயே போன் செய்து, அந்தப் பழைய ரீலை எடுத்து வரலாமா என்று கேட்டார். மயில் மீனுக்கு அது தாங்குமா?

கடல்விரால்:

மயில் மீனுக்குத் தாங்காது, படகிலேயே தூண்டில் கொடுப்பார்கள். ஆனால் கண்டிப்பாக எடுத்து வரச் சொல்லுங்கள். காலையில் அப்போலோ போட்டு உயிர் மீன் பிடிக்க அது போதும், அந்த வேலையை தாத்தாவும் பேரனும் பார்த்துக்கொள்ளலாம்.