ரெய்டு 5-இல் ஒரு டிரைவ் போய்விட்டது, இன்னொன்றும் இழுத்துக்கொண்டிருக்கிறது

வணக்கம். 4 டெராபைட் டிரைவ் நான்கைச் சேர்த்து லினக்ஸில் ரெய்டு 5 (ஒரு டிரைவ் போனாலும் தரவு தப்பும்படி பல டிரைவை ஒன்றாக இணைக்கும் முறை) போட்டிருக்கிறேன். நேற்று மூன்றாவது டிரைவ் டக் டக்கென்று சத்தம் போட்டுவிட்டு அடங்கிவிட்டது. கோப்புகள் இன்னும் திறக்கின்றன. காணாமல் போன துண்டை மற்ற மூன்றிலிருந்தும் பேரிட்டி (மீட்பதற்காகக் கூடவே எழுதி வைக்கும் உதவித் தரவு) வழியாக ரெய்டு கணக்குப் போட்டுத் தருகிறது. அதுவரை சரி.

பயம் வேறு. டிரைவ் தன் நிலையைத் தானே சொல்லும் ஸ்மார்ட் அறிக்கையில் முதல் டிரைவுக்குப் பெண்டிங் செக்டர் (சரியாகப் படிக்க முடியாமல் சந்தேகத்தில் இருக்கும் பகுதி) 8 என்று காட்டுகிறது. புது டிரைவை மாட்டி ரீபில்டு (போன டிரைவின் தரவைப் புதியதில் மறுபடி உருவாக்குவது) ஆரம்பித்தால் மிச்ச மூன்றையும், அதாவது மொத்தம் 12 டெராபைட்டையும், படித்தாக வேண்டும். அந்த 8 செக்டரில் போய் முட்டினால்? ரெய்டு 6 என்றால் இரண்டாவது பேரிட்டி காப்பாற்றியிருக்கும். ஒரு டிரைவ் காசை மிச்சம் பிடித்த புத்திசாலி நான்தான்.

பேக்கப் இரண்டு மாதம் பழையது. திட்டுவதை அப்புறம் வைத்துக்கொள்ளுங்கள்.

ரீபில்டைத் தொடாமல், ரீட்-ஒன்லியாக (எதையும் எழுதாமல், படிக்க மட்டும்) மவுண்ட் செய்து புதுக் கோப்புகளை மட்டும் முதலில் வெளியே எடுக்கவா? அல்லது அந்த நோயாளி டிரைவை டிடிரெஸ்க்யூ (பழுதான டிரைவிலிருந்து முடிந்தவரை நகலெடுக்கும் நிரல்) வைத்து அப்படியே வேறொன்றுக்குக் குளோன் செய்துவிட்டு, குளோனை வைத்து அரேயை (ரெய்டு தொகுப்பை) எழுப்பவா? இப்படி மாட்டி மீண்டவர்கள் யாராவது சொல்லுங்களேன். இப்போதைக்கு எல்லாவற்றையும் அணைத்து வைத்திருக்கிறேன்.