கிரேன் போகும்போது கர்டர் தொய்கிறது, என்ன செய்யலாம்?

ஒரகடத்தில் எங்கள் ஷெட், 5 டன் இஓடி கிரேன்; தூண்களுக்கு இடையே கிடக்கும் இரும்பு உத்தரங்களின் (கர்டர்) மேல் பதித்த ரயிலில், அதாவது தண்டவாளத்தில், மின்சாரத்தில் ஓடுவது. ஒப்பந்ததாரர் ‘வேல்யூ இன்ஜினியரிங்’ (செலவுக் குறைப்பு) என்று சொல்லி, தூண் இடைவெளியை 6 மீட்டரிலிருந்து 7.5 ஆக்கினார். தூணும் அஸ்திவாரமும் குறைந்தன, சரி. கிரேன் கர்டரை மட்டும் பழைய அளவிலேயே விட்டுவிட்டார். தொய்வு நீளத்தின் மூன்றாம் அடுக்காக ஏறும். நீளம் 1.25 மடங்கு என்றால் தொய்வு 1.25 × 1.25 × 1.25, அதாவது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

ஜனவரியில் ஓட்டத் தொடங்கினோம். முழு எடையோடு நடுவில் நின்றால் 14 மி.மீ. இறங்குகிறது. இரும்புக் கட்டுமானத்துக்கான இந்தியத் தரநிலை ஐஎஸ் 800 படி 10 தான் அனுமதி. ரயிலைக் கர்டரோடு பிடித்துவைக்கும் கிளிப்புகள் மாதம் ஒருமுறையாவது கழன்று விழுகின்றன. போல்ட் முறுக்கியாச்சு, ரயில் மட்டம் பார்த்தாச்சு, சக்கரமும் மாற்றியாச்சு. இப்போது 3 டன்னோடு ஓட்டுகிறோம். பெரிய டையை (அச்சு) தூக்க வழியில்லை.

கர்டரின் அடியில் தகடு வெல்டு செய்தால் போதுமா, இல்லை நடுவில் தூண் போட்டே ஆகவேண்டுமா?