கூட்டுக்கொள்ளையில் நடந்த கொலை: வண்டியோடு வெளியே நின்றவனுக்கும் ஆயுள் தண்டனை, மேல்முறையீட்டில் எதை முன்வைப்பது?

காங்கேயம் விவசாயி கேட்டது:
என் அக்கா மகன் வாடகை வேன் ஓட்டி வந்தவன். 2021-இல் தோட்டத்து வீட்டில் தனியாக இருந்த பெரியவரைக் கொன்று நகைகளை எடுத்துச் சென்ற வழக்கில் அவனை ஆறாவது எதிரியாக (குற்றம் சாட்டப்பட்டவராக) சேர்த்தார்கள். வெட்டியவன் முதல் எதிரி என்றும், இவன் சாலையில் வண்டியோடு நின்றான் என்றும் அரசுத் தரப்பே சொல்கிறது. இருவர் விடுதலையானார்கள், இவன் உட்பட நால்வருக்கு இந்திய தண்டனைச் சட்டம் 396-ஆம் பிரிவின்கீழ் ஆயுள் தண்டனை. தீர்ப்பு வந்து 32 நாட்கள் ஆகின்றன. "இவன் கத்தியைத் தொடவில்லை" என்று வாதிட்டால் போதுமா? இறந்தவரின் குடும்பம் எங்களுக்கும் தெரிந்த குடும்பம். அவர்களுடைய இழப்பைக் குறைத்துப் பேச நான் வரவில்லை.

கோபி வழக்கறிஞர்:
ஐயா, அந்த வாதம் மட்டும் நிற்காது. ஐந்து அல்லது அதற்கு மேற்பட்டோர் சேர்ந்து கொள்ளையடிக்கும்போது அவர்களில் ஒருவர் கொலை செய்தாலும், கொள்ளையில் சேர்ந்த ஒவ்வொருவருக்கும் மரண தண்டனையோ ஆயுள் தண்டனையோ பத்தாண்டு வரையிலான கடுங்காவலோ விதிக்கலாம் என்பதுதான் 396. ஆகவே வெட்டியது யார் என்பதைவிட, உங்கள் பையன் அந்தக் கூட்டத்தில் தெரிந்தே சேர்ந்தானா, வாடகைக்கு வந்தவனா என்பதே மையக் கேள்வி. அதைவிட வலுவானது எண்ணிக்கை. இருவர் விடுதலையானபின் மிஞ்சுவது நால்வர். அடையாளம் தெரியாத வேறு ஆட்களும் இருந்தார்கள் என்று குற்றச்சாட்டிலோ சாட்சியத்திலோ இல்லாவிட்டால், ஐவருக்குக் குறைந்தவர்களை இப்பிரிவில் தண்டிக்க முடியாது. உத்தராஞ்சலிலிருந்து வந்த ஒரு வழக்கில் 2008-இல் உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொன்னது.

ஓய்வுபெற்ற நீதிமன்ற ஊழியர், ஈரோடு:
தம்பி, முதலில் நாளைக் கவனியுங்கள். ஆயுள் தண்டனைக்கு எதிராக உயர் நீதிமன்றம் செல்ல 60 நாட்கள்தான். தீர்ப்பு நகல் பெற ஆன நாட்கள் அதில் சேராது. நம் மாவட்டங்களுக்குச் சென்னை. கரூர்க்காரர்களுக்கு மட்டும் மதுரைக் கிளை. பணமில்லை என்று தயங்க வேண்டாம், காவலில் இருப்பவர் யாராக இருந்தாலும் 1987-ஆம் ஆண்டுச் சட்டப்படி இலவச சட்ட உதவிக்கு உரியவர். சிறை அதிகாரி வழியாகவும் மேல்முறையீட்டு மனுவை அனுப்பலாம்.

நாமக்கல் வழக்கறிஞர்:
கோபி வழக்கறிஞர் அம்மையார் சொன்னது சரி, ஆனால் எண்ணிக்கையை மட்டும் நம்ப வேண்டாம். 396 விழுந்தாலும், நீதிமன்றம் காயப்படுத்திக் கொள்ளையடித்தல் என்ற 394-க்கோ, பலர் ஒரே நோக்கத்தோடு செய்ததற்கு ஒவ்வொருவரும் பொறுப்பு என்னும் பொது எண்ணப் பிரிவான 34-உடன் சேர்த்துக் கொலைக்கான 302-க்கோ போகக்கூடும். கல்கத்தா அஞ்சல் நிலையக் கொலையில், தான் வெளியேதான் நின்றேன் என்றவரின் வாதத்தை 1925-இலேயே, அன்று இந்திய வழக்குகளுக்கு இறுதி மேல்முறையீட்டு மன்றமாக லண்டனில் இருந்த பிரிவி கவுன்சில் ஏற்கவில்லை. எனவே முன்கூட்டியே தெரியாது என்பதற்கான ஆதாரம் தேவை: வாடகை பேசிய அழைப்பு, வழக்கமான சவாரிகள், அவனிடம் நகை எதுவும் கைப்பற்றப்படாதது. அழைப்பு விவரத்தை அரசுத் தரப்பு சான்றாவணமாக்கியிருந்தால் மின்னணு ஆவணத்துக்குத் தேவையான, இந்தியச் சாட்சியச் சட்டத்தின் 65பி பிரிவுச் சான்றிதழ் இருக்கிறதா என்றும் பாருங்கள். தண்டனையை நிறுத்திவைக்கும் மனுவையும் உடன் தாக்கல் செய்யுங்கள்; அரசு வழக்கறிஞரின் ஆட்சேபத்தைக் கேட்டபிறகே முடிவாகும், அதனால் பொறுமை வேண்டும்.

காங்கேயம் விவசாயி:
நகலை இரவு முழுவதும் படித்தேன். குற்றச்சாட்டில் ஆறு பெயர்கள் மட்டுமே உள்ளன; வேறு நபர் என்ற சொல் எங்கும் இல்லை. திங்களன்று கோவை மத்திய சிறைக்குப் போய் வக்காலத்தில் அவனுடைய கையொப்பம் வாங்குகிறேன்.