மே மாதம் தெரபி இல்லை, ஊருக்கும் போகிறோம். பழகியதெல்லாம் போய்விடுமா?

கேள்வி:
என் பையனுக்கு ஐந்து வயது, ஆட்டிசம். எட்டு மாதமாக பிஹேவியர் தெரபி போகிறோம். வேண்டியதைப் படக்கார்டு எடுத்துக் கொடுத்துக் கேட்கிறான், சாப்பிட ஓர் இடத்தில் உட்காருகிறான், சுவரில் தலையை முட்டுவது ரொம்பக் குறைந்துவிட்டது. இப்போது சென்டர் மே முழுக்க லீவு, நாங்களும் மூன்று வாரம் திருநெல்வேலி பக்கம் மாமியார் வீட்டுக்குப் போகிறோம். தீபாவளிக்கு ஐந்தே நாள் போய் வந்ததற்கு, அவன் பழையபடி கார்டைத் தொட இரண்டு வாரம் ஆனது. அங்கே அழுதால் உடனே யாராவது போனைக் கொடுத்துவிடுவார்கள். பயமாக இருக்கிறது.

பதில் 1:
எல்லாவற்றையும் அங்கே செய்ய நினைக்காதீர்கள் தோழி. எந்த இரண்டு விஷயத்தை மட்டும் விடக்கூடாது என்று கிளம்புமுன் தெரபிஸ்டிடம் கேளுங்கள். என் மகளுக்கு அது கார்டும் தூங்கும் நேரமும்தான். சென்டர் மேசையில் வந்த பழக்கம் ஆச்சி வீட்டு அடுப்படியில் தானாக வராது, அங்கேயும் பழக்க வேண்டும். முறுக்கு டப்பா, ஊஞ்சல், மோட்டார் தண்ணீர் எல்லாவற்றையும் போட்டோ எடுத்து அனுப்பச் சொல்லி, இங்கேயே கார்டாக்கிவிடுங்கள். ஆச்சி முறுக்கோடு எதிரே உட்காரட்டும், தாத்தா பின்னாலிருந்து பேசாமல் அவன் கையை மட்டும் கார்டுக்குக் கொண்டுபோகட்டும். இருவருக்கும் ஒரு வேலை கொடுத்த பிறகுதான் எங்கள் வீட்டில் குறுக்கே பேசுவது நின்றது.

பதில் 2:
போன் விஷயத்தில் கண்டிப்பாக இருங்கள். ஒன்பது தடவை மறுத்துப் பத்தாவது தடவை கொடுத்தால், இன்னும் கொஞ்ச நேரம் அழுதால் கிடைக்கும் என்றுதான் பிள்ளை கற்றுக்கொள்கிறது. நிறுத்தினால் முதல் சில நாள் அழுகை கூடும், அதைப் பெரியவர்களிடம் முன்பே சொல்லிவிடுங்கள், இல்லாவிட்டால் பயந்துபோய்க் கொடுத்துவிடுவார்கள். ஆனால் தலையை முட்ட ஆரம்பித்தால் வேடிக்கை பார்க்க வேண்டாம், உடனே தலையணையோ கையோ குறுக்கே வைத்துத் தடுங்கள். அப்புறம், ஊரில் கோயில் கொடைத் திருவிழா இருந்தால் மேளச் சத்தத்துக்குக் காதுக் கவசம் மறக்காதீர்கள்.

பதில் 3:
"முதலில் குளியல், பிறகு ஊஞ்சல்" என்று இரண்டு படம் ஒட்டிய அட்டை ஒன்று போதும், பஸ்ஸிலும் கைகொடுக்கும். திரும்பி வந்ததும் நேராக சென்டருக்குப் போகாமல் மூன்று நாளாவது வீட்டில் பழைய நேரத்துக்கு எழுப்பிப் பழக்குங்கள்.

கேள்வி கேட்டவர்:
ரொம்ப நன்றி. மாமனாரிடம் இப்போதே பேசினேன், ஊஞ்சல் போட்டோ வந்துவிட்டது.