ஹெட்போன் சொருகினா ஸ்பீக்கரை நிறுத்துறது ஜாக்கா, டிரைவரா?

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
நேத்து ஒரு தம்பி இங்க பெரிய பாடம் எடுத்துட்டுப் போயிருக்காரு. "ஸ்பீக்கர்ல இருந்து ஹெட்போனுக்கு மாத்தப் பின்னைப் புடுங்கிப் புடுங்கிச் சொருகுறவன் கம்ப்யூட்டர் தெரியாதவன். எல்லாமே சாஃப்ட்வேர்தான், ஜாக்குக்கு ஒரு வேலையும் கிடையாது"ன்னு எழுதியிருக்காரு. வேலை கிடையாதாம்! உப்புக் காத்துல பச்சை புடிச்ச ஜாக்கை, அதான் பின் சொருகுற ஓட்டையை, தொறந்து பார்த்திருந்தா இந்தப் பேச்சு வருமா? பின் உள்ள போனதும் ஒரு சின்னத் தகடு நகரும். அதுதான் ஸ்பீக்கரை நிறுத்துது. ஜாக்தான். முடிஞ்சுது.

பாம்பன் பையன்:
அந்தத் தம்பி நான்தான் காக்கா, நேராவே திட்டுங்க. தகடு நகருது, சரி. அது சத்தத்தை அறுக்கல. பின் வந்துருக்குன்னு சவுண்ட் சிப்புக்குச் சேதி சொல்லுது, அவ்வளவுதான். நிறுத்துறது டிரைவர், அதான் அந்தச் சிப்பை ஓட்டுற சாஃப்ட்வேர். சவுண்ட் சிப்போட ரியல்டெக் செட்டிங்ஸ்ல முன்பக்க ஜாக்குலயும் பின்பக்க ஜாக்குலயும் வேற வேற ஒலி ஓடட்டும்னு ஒரு டிக் இருக்கு. அதைப் போட்டா பின் சொருகினபடியே ஸ்பீக்கரும் பாடும். தகடு அறுத்துட்டா அது எப்படிப் பாடும்?

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
ஏசி 97ங்கிற பழைய ஒலி முறை இருக்கிற போர்டு பார்த்திருக்கீங்களா தம்பி? அதுல சத்தம் முன்பக்க ஜாக்குக்குப் போயிட்டுத் திரும்பித்தான் பின்னால ஸ்பீக்கருக்கு வரும். பின் சொருகினா வழியே அறுந்துடும். முன்பக்க ஜாக் இல்லாத கேபினட்டா? போர்டுல 5ம் நம்பர் முள்ளையும் 6ஐயும், 9ஐயும் 10ஐயும் ஜம்பர்ங்கிற சின்னத் துண்டு போட்டு இணைக்கணும், இல்லேன்னா ஸ்பீக்கர் ஊமை. அதை டிரைவரா வந்து இணைக்குது? ஜாக்!

பாம்பன் பையன்:
அதுக்குப் பதிலா இன்டெல் எச்டி ஆடியோ 2004லயே வந்தாச்சு. நீங்க இன்னும் ஏசி 97லயே உக்காந்திருக்கீங்க. இப்ப இருக்கிற கம்ப்யூட்டரைப் பத்திப் பேசுவோமா?

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
என் கடைக்கு வர்றது எல்லாமே இப்ப இருக்கிற கம்ப்யூட்டர்தான். இப்ப இருக்கு, அதனாலதான் வருது.

உச்சிப்புளி சவுண்ட் சர்வீஸ்:
காக்கா சொல்றதுதான் சரி. என் 2.1 ஸ்பீக்கர் செட்டுல முன்னாடியே ஹெட்போன் ஓட்டை இருக்கு. அதுல குத்துனா ஸ்பீக்கர் நிக்குது. சிபியூவுக்கு அது தெரியவே தெரியாது. எங்கய்யா உங்க டிரைவர்?

பாம்பன் பையன்:
அண்ணே, அது ஸ்பீக்கர் பெட்டியில இருக்கிற ஜாக். நாம பேசுறது கம்ப்யூட்டர்ல இருக்கிற ஜாக்.

உச்சிப்புளி சவுண்ட் சர்வீஸ்:
ஜாக்னா ஜாக்தான்.

பெரியபட்டினம் லாத்தா:
ஒரு சந்தேகம். மகன் ஹெட்போன்ல கிளாஸ் கேக்குறான். அது முடிஞ்சதும் ஸ்பீக்கருக்கு மாத்தணும். சிபியூ மேசைக்கு அடியில கிடக்கு, தினமும் குனிஞ்சு குனிஞ்சு இடுப்பு போச்சு. ஸ்கிரீன் ஓரத்துல ஸ்பீக்கர் படத்தைத் தொட்டா ஒரே பேர்தான் காட்டுது.

பாம்பன் பையன்:
அக்கா, நான் சொன்ன டிக்கைப் போடலேன்னா ரெண்டையும் ஒண்ணாச் சேர்த்து ஒரே பேராத்தான் காட்டும். போட்டதும் ரெண்டு பேரு வரும், மவுஸ்லயே மாத்திக்கலாம். விண்டோஸ் 11னா விண்டோஸ் கீ, கன்ட்ரோல், வி மூணையும் சேர்த்து அமுக்குங்க, பட்டியல் தானா வரும். பாத்தீங்களா காக்கா, பின்னைத் தொடவே வேண்டாம்.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
லாத்தா, அதையெல்லாம் தொட்டுக் கெடுத்துக்காதீங்க. ஜாக்கைச் சுத்தம் பண்ணா போதும்.

தொண்டி லினக்ஸ்:
இதுல என்ன சண்டை? விண்டோஸுக்குப் பதிலா போடுற லினக்ஸ்ல ஆல்சாமிக்சர்ங்கிற சவுண்ட் செட்டிங்கைத் தொறந்தா ஆட்டோ மியூட் மோட்னு ஒண்ணு இருக்கும். அதை அணைச்சா பின் உள்ளயே இருந்தாலும் ஸ்பீக்கர் நிக்காது. போட்டா நிக்கும். அதே பின், அதே தகடு. அரசு 2011ல கொடுக்க ஆரம்பிச்ச இலவச லேப்டாப்ல பாஸ்னு ஒரு லினக்ஸ் இருந்துச்சே, அப்பவே இதையெல்லாம் நோண்டிப் பார்த்திருக்கலாம். யாரோ சில கடைக்காரங்க காசு வாங்கிக்கிட்டு அதை அழிச்சுட்டாங்க.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
யாரோ சிலர்னா யாரு? தைரியமாச் சொல்லுங்க. புள்ளைங்க கேட்டுச்சு, அழிச்சோம். பாஸ் வேணும்னு ஒருத்தன் கடைக்கு வந்ததில்ல. லினக்ஸ் போட்ட லேப்டாப்ல சத்தமே வரலைன்னு என்கிட்டத் தூக்கிட்டு வந்தவங்கதான் உண்டு.

தொண்டி லினக்ஸ்:
மியூட்ல இருந்திருக்கும்.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
என்னைப் பார்த்தா மியூட் தெரியாதவன் மாதிரியா இருக்கு? இந்தச் செய்தியை உங்களுக்குப் பதில் சொல்லணும்னே தனியா எழுதுறேன். ஹெட்போனைக் கழட்டின பிறகும் ஸ்பீக்கர் வராத சிபியூ எத்தனை பார்த்திருக்கேன்! டிரைவரை அழிச்சுத் திரும்பப் போட்டு, விண்டோஸையே புதுசாப் போட்டு, கடைசியில என்கிட்ட வருவாங்க. ஐபிஏ ஆல்கஹால் தொட்ட பட்ஸை ஜாக்குள்ள விட்டுச் சுத்துவேன், காய விடுவேன். பாடும். உப்புல தகடு ஒட்டிக்கிட்டு நின்னுருக்கும். அப்ப நிறுத்தினது யாரு? ஜாக்.

பாம்பன் பையன்:
தகடு ஒட்டினதால பின் இன்னும் உள்ளயே இருக்குன்னு சேதி போயிருக்கு. அதை நம்பி நிறுத்தினது டிரைவர். கப்பல் வருதுன்னு பாலத்துக்குச் சேதி சொல்றாங்க. பாலத்தைத் தூக்குறது கப்பலா?

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
பாலத்தை இழுத்ததும் நல்லதுதான். 1914ல கட்டின பாம்பன் பாலத்தை ரெண்டாப் பொளந்து தூக்கினது ஆளுங்க, கையால சுத்தி. அதுல எந்த டிரைவர் இருந்தான்?

பாம்பன் பையன்:
2025 ஏப்ரல்ல தொறந்த புதுப் பாலத்துல 72.5 மீட்டர் தூக்குத் துண்டு மோட்டார்ல 17 மீட்டர் மேல போகுது. அந்த மோட்டாரை ஓட்டுறது கன்ட்ரோல்.

உச்சிப்புளி சவுண்ட் சர்வீஸ்:
பழைய பாலம் மாதிரி வருமாய்யா. ரயில் மெதுவாப் போகும், வாசல்ல நின்னு கடலைப் பார்த்துக்கிட்டே போகலாம்.

தங்கச்சிமடத்தான்:
உங்களுக்கு வேடிக்கை. 2022 டிசம்பர்ல ரயிலை நிறுத்தினதுல இருந்து புதுப் பாலம் தொறக்கிற வரைக்கும் மண்டபத்துக்குப் போய் ரயில் ஏறினவங்க நாங்க. தீவுல இருந்து பார்த்தாத் தெரியும்.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
தீவுக்காரங்க பேச்சை ஆரம்பிச்சா விடிஞ்சுடும். கேள்விக்கு வாங்க. ஜாக்.

பெரியபட்டினம் லாத்தா:
டிக் போட்டேன். ரெண்டு பேரு வருது. அல்ஹம்துலில்லாஹ்.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
ஜாக் நல்லா இருந்ததால வருது.

தொண்டி லினக்ஸ்:
😀

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
சிரிக்கிறவங்க போன வருஷம் என்கிட்ட எடுத்துட்டுப் போன ஸ்பீக்கருக்கு மிச்சக் காசைக் கொடுத்துட்டுச் சிரிக்கலாம்.

தொண்டி லினக்ஸ்:
அந்த ஸ்பீக்கர்ல இடது பக்கம் பாடவே இல்லியே. அதுக்கு எதுக்கு முழுக் காசு?

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
பின்னை முழுசா உள்ள அமுக்கியிருக்க மாட்டீங்க.

பாம்பன் பையன்:
இப்பப் பின்னு மேல பழியா! பேலன்ஸ் செட்டிங்கைப் பாருங்க அண்ணே, வலது பக்கம் முழுசாத் தள்ளியிருக்கும். டிரைவர்தான்.

ரிப்பேர்கடை காக்கா (கீழக்கரை):
நீங்க காசு கொடுப்பீங்களா அவருக்காக? இல்லேன்னா நடுவுல வராதீங்க தம்பி. ஜாக்னு சொன்னா ஜாக்.